கிணற்றடிக் கொடிவீடு

ஆடி மாதத்து வியாழக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். மேற்கு மலையிலிருந்து இறங்கிய சாரல் மதியத்திலிருந்தே விடவில்லை. ஆளை நனைக்கும் அளவுக்குப் பெய்யவுமில்லை. கொடியில் கிடந்த துணி காயும் அளவுக்கு ஓயவுமில்லை. காற்று மட்டும் பலமாக இருந்தது.

உலகம்மை குடையை மடக்கிக்கொண்டு ஆவுடைநாயகியின் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார்.

உலகம்மை தியானம் கற்பிப்பவர். அடுத்த தெருவில், தம் வீட்டு மாடியில், விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் அவர் முன்னால் அமர்வார்கள். வயது நாற்பத்தைந்து. அவருடைய சிஷ்யை ஆவுடைநாயகிக்கு அறுபது இருக்கும். ஆவுடைநாயகியின் கணவர் சங்கரலிங்கத்தை ஊரார் அண்ணாச்சி என்பார்கள். உலகம்மையும் அப்படியே அழைப்பார். அந்த முறையில் ஆவுடைநாயகி அவருக்கு மதினி. ஆவுடைநாயகியோ தம் குருவை அம்மா என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்ததில்லை.

பங்குனியில் சங்கரலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் வெகுதூரம் நடந்து களைத்து வருவதுபோல வந்தது. இன்னொரு முறை வந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால்தான் உயிர் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஆவுடைநாயகி வகுப்புக்கு வரவில்லை. தூக்கம் போயிற்று. அதைக் கேள்விப்பட்ட உலகம்மை சொல்லி அனுப்பினார்: "இங்க வர முடியலைன்னா உங்க தோட்டத்துலயே உங்களுக்குன்னு ஒரு இடம் பண்ணிக்கோங்க. தினம் அரை மணி நேரமாவது அங்க இருங்க."

ஆவுடைநாயகி குருவின் சொல்லைத் தட்டியதில்லை. கிணற்றுக்கு அப்பால், கொய்யா மரத்தை ஒட்டி, மூன்று பக்கமும் மூங்கில் தட்டி நிறுத்தினார். தட்டியில் சங்குப்பூக் கொடியை ஏற்றினார். மேலே கீற்று வேய்ந்து, உட்காரக் கல் பலகை போட்டு, அதன்மேல் கோரைப்பாய் விரித்தார். கோடை முடிவதற்குள் கொடி தட்டியை மூடிவிட்டது. இன்று அதைப் பார்க்கத்தான் குருவை அழைத்திருந்தார்.

"குனிஞ்சு வாங்கம்மா. தலை இடிக்கும்."

உலகம்மை உள்ளே வந்து கல் பலகையில் அமர்ந்தார். சாரல் உள்ளே விழவில்லை. நீலப் பூக்கள் தட்டியின் இடுக்குகளில் எட்டிப் பார்த்தன.

"ரொம்ப அழகா இருக்கு மதினி."

"அழகுக்கு ஒரு குறையும் இல்லம்மா. உட்கார்ந்தாத்தான் முள்ளு மேல இருக்க மாதிரி இருக்கு."

"ஏன்?"

"அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல. முதல்ல கொடி இவ்வளவு அடர்த்தியா இல்ல. அவர் ரூம் ஜன்னல் தெரிஞ்சுது. கண்ண மூடவே முடியல, ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தேன். சரின்னு கொடியை அடர்த்தியா விட்டேன். வீடு மறைஞ்சுது. மறைஞ்ச பிறகு இன்னும் மோசம். அங்க என்ன ஆச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. கொடியை வெட்டி ஒரு ஓட்டை போட்டேன். மறுபடி ஜன்னலைப் பாத்தேன். மறுபடி மூடுனேன்."

"இப்போ?"

ஆவுடைநாயகி தலைக்கு மேலே காட்டினார். கீற்றிலிருந்து ஒரு சிறிய வெண்கல மணி தொங்கியது. பூஜை அறையில் இருந்த மணி. அதில் கட்டிய நைலான் கயிறு, கொய்யாக் கிளையின் கவட்டில் நுழைந்து, கிணற்று ராட்டினத் தூணைச் சுற்றி, ஜன்னல் கம்பி வழியாகச் சங்கரலிங்கத்தின் கட்டில் வரை போயிற்று.

"எது வேணும்னாலும் இடது கையால இழுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அண்ணாச்சிக்குத் தங்கச்சி உண்டுல்லா? அரை மணி நேரம் அவங்க வந்து இருக்கலாமே."

"அவளுக்கு அவர் பேசுறது புரியாதும்மா. எனக்கு மட்டும்தான் புரியும்."

உலகம்மை மணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த இடத்தையே வீட்டுப் பக்கமா நகர்த்திரலாமான்னு பாக்கேன். இல்ல, கிழக்க பாத்து உட்காரணுமோ? நீங்க சொன்னா நாளைக்கே..."

மணி அடித்தது.

ஆவுடைநாயகி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சற்று நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பினார்.

"என்ன வேணுமாம்?" என்றார் உலகம்மை.

"ஒண்ணுமில்லன்னாரு. தண்ணி குடுத்தேன். காத்தா இருக்கும். இந்த ஆடிக் காத்து கயித்த ஆட்டிருது. எது காத்து, எது அவருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் கண்களை மூடினார்கள். கீற்றில் காற்று சரசரத்தது. ஆவுடைநாயகியின் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தன.

மணி அடித்தது.

அவர் ஓடினார். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது.

"இப்பவும் ஒண்ணுமில்லயாம். கேக்கக் கூச்சப்படுதாரோன்னு தோணுது. கழிப்பறைக்குப் போகணுமோ என்னமோ. கேட்டாத் தலைய ஆட்டுதாரு. எல்லாத்தையும் நானாத்தான் கண்டுபிடிக்கணும்."

அவர் உட்காருவதற்குள் மணி மறுபடி அடித்தது. உலகம்மை கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நான் போறேன். நீங்க இருங்க."

"நீங்க எதுக்கும்மா? அவரு..."

"இருங்க."

உலகம்மை சாரலிலேயே நடந்து போனார். கொடி அவரை மறைத்தது.

ஆவுடைநாயகி காத்திருந்தார். கிணற்றில் நீர் சொட்டும் ஒலி கேட்டது. யாரோ தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உலகம்மை வரவில்லை. தண்ணீர் என்றால் இதற்குள் கொடுத்திருக்கலாம். தலையணை என்றால் இதற்குள் திருப்பிப் போட்டிருக்கலாம். மணியும் அடிக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்தவரை ஒன்றுமில்லை என்றாவது இருந்தது. இப்போது கயிறு அசையாமல் கிடந்தது. காற்றுகூட நின்றுவிட்டதா? இல்லை, கீற்று ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் கயிற்றை ஏதோ ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. கட்டிலிலிருந்து சரிந்த உடம்பா? ஆளை அழைக்கவும் நேரமில்லாமல் அம்மா தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாரா?

அவர் எழுந்தார். கிணற்றடிப் பாசியில் கால் வழுக்கி முழங்கால் கல்லில் பட்டது. சேலையெல்லாம் சேறு. எழுந்து ஓடினார்.

அறை வாசலில் நின்றார். உள்ளே சிரிப்புச் சத்தம்.

சங்கரலிங்கம் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. உலகம்மை கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, வாயைப் புறங்கையால் மறைத்துச் சிரித்தார். கயிறு அவர் மடியில் இருந்தது.

"சிரிக்கீங்களா?" ஆவுடைநாயகியின் குரல் உடைந்தது. "நான் அங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இங்க ரெண்டு பேரும் சிரிக்கீங்களா?"

"விழுந்தீங்களா மதினி?"

"விழுந்தா என்ன? அவருக்கு என்ன? ஏன் மணி அடிச்சுது?"

உலகம்மை சங்கரலிங்கத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, எங்கிட்ட சொன்னதை மதினிகிட்டயும் சொல்லுங்க."

"நான்... ஒண்ணும்..."

"ஒண்ணும் வேண்டாம், அதானே? எனக்குத் தெரியாதா? தலகாணி சரிஞ்சு கிடக்கு, கழுத்து வலிச்சிருக்கும், இருங்க..."

உலகம்மை ஆவுடைநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக இல்லை. ஆனால் விடவுமில்லை.

ஆவுடைநாயகி நின்றார். சங்கரலிங்கத்தின் உதடுகள் ஒரு சொல்லைத் தேடின, கிடைத்தது, அடுத்ததைத் தேடின. ஜன்னல் கதவு ஒருமுறை அடித்து ஓய்ந்தது. உதவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்க ஆவுடைநாயகி இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் லேசாக அழுந்தின.

"நான்... நல்லா... இருக்கேன்னு... சொல்லத்தான்... இழுத்தேன்."

ஆவுடைநாயகிக்குப் புரியவில்லை.

"மணி... அடிக்கலைன்னா... நீ... பயந்து... ஓடி வருவேல்லா. அதான்... கொஞ்ச நேரத்துக்கு... ஒரு தடவ."

"அட மனுஷா!" அவர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மணி அடிச்சதாலதானே நான் ஓடி வந்தேன்!"

"அதத்தான்... நானும்... கேக்கேன். ஏன்... ஓடி ஓடி... வாரே?"

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்ல... விட்டியா?"

ஆவுடைநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. அவர் கயிற்றைப் பார்த்தார்.

"சரி. இனிமே வேணும்னா மட்டும் இழுங்க. சும்மா இருந்தா நல்லா இருக்கீங்கன்னு நான் நினைச்சுக்கிடுதேன்." சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறியது. குருவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இழுக்க முடியாமப் போனா?"

உலகம்மை மடியிலிருந்த கயிற்றைக் கையில் எடுத்தார்.

"பங்குனியில வந்தப்ப நான் பக்கத்துலயே இருந்தேன். அவருக்கு இட்லி எடுத்து வச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் நேரத்துக்குக் கொண்டுபோக முடிஞ்சுது, டாக்டரே சொன்னாரு. அப்படி இன்னொரு நாள் வந்தா இந்தக் கயிறு எனக்குச் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்போ நான் எப்படிம்மா அங்க போய் உட்கார்ந்து கண்ண மூடுறது? நீங்கதான் சொல்லணும்."

உலகம்மை நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, தண்ணி வேணும்னா என்ன பண்ணுவீங்க?"

"கட்டில் சட்டத்துல தட்டுவாரு," என்றார் ஆவுடைநாயகி.

"நான் அண்ணாச்சியைக் கேட்டேன்."

சங்கரலிங்கம் இடது கையால் சட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

"கழிப்பறைக்கு?"

அவர் போர்வையை விலக்கிக் காட்டினார்.

"தலை சுத்துனா? கை மரத்துப்போனா?"

அவர் யோசித்தார். அதற்கு ஒரு சைகை இதுவரை இல்லை. பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்துக் காட்டினார். உலகம்மை அதேபோல் தம் நெற்றியில் வைத்தார். அவர் இல்லை என்று தலையசைத்து, கையை இன்னும் சற்று மேலே வைத்தார். உலகம்மை திருத்திக்கொண்டார்.

"சாமியாரம்மா... மெதுவா... படிக்கீங்க."

"வாத்தியார் அப்படி அண்ணாச்சி."

ஆவுடைநாயகி தரையிலிருந்து எழுந்தார். "எதுக்கும்மா இதெல்லாம் உங்களுக்கு?"

"நாளைக்குக் காலைல நான் இங்க இருக்கணும்லா. படிக்காம எப்படி வர?"

"நீங்களா? வேண்டவே வேண்டாம். உங்களுக்கு நான் செய்யணும். நீங்க எங்க வீட்டு நோயாளிய..." அவருக்குச் சொல் வரவில்லை. "வகுப்பு இருக்கே!"

"வகுப்புல இருக்கவங்களும் வருவாங்க. ஒரு நாளைக்கு ஒருத்தரா. எல்லாரும் அண்ணாச்சிகிட்ட வந்து படிச்சுக்கிடட்டும். இந்த மாசம் இதுதான் அவங்களுக்குப் பாடம்."

"ஊரு என்ன சொல்லும்?"

"எனக்கு... கயிறு இழுத்து... கை வலிக்கி," என்றார் சங்கரலிங்கம். "ஊரு... வந்து... இழுக்குமா?"

வெள்ளிக்கிழமை காலை சாரல் நின்றிருந்தது. விடிவதற்குச் சற்று முன்பே உலகம்மை வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டார். சங்கரலிங்கம் காப்பியை நானே குடிப்பேன் என்று இடது கையால் தம்ளரை எடுத்தார். பாதி வாய்க்குள்ளும் பாதி மார்பிலும் போயிற்று. உலகம்மை துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கேட்கும்வரை நீட்டாமல் இருந்தார்.

ஆவுடைநாயகி தோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மாத்திரை அலமாரில இருக்கு."

"பாத்தேன் மதினி."

மறுபடி போய்த் திரும்பினார்.

"ஆம்புலன்ஸ் நம்பர் ஜன்னல் மேல ஒட்டியிருக்கு."

"பாத்தேன்."

"ஏட்டி..." என்றார் சங்கரலிங்கம். அடுத்த சொல்லுக்காக ஆவுடைநாயகி வாசலில் நின்றார். அது வரும்வரை நின்றார். "போயேன்."

அவர் போனார்.

கொய்யா மரத்தின்மேல் வெயில் ஏறி வெகுநேரமான பிறகு வேகமாகத் திரும்பி வந்தார். கொண்டை அவிழ்ந்திருந்தது. ஒரு கன்னம் முழுக்கக் கோரைப்பாயின் கோடுகள் பதிந்திருந்தன. முதலில் கணவரைப் பார்த்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், மார்பு ஏறி இறங்கியது. பிறகு குருவின் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தப்பாப் போச்சும்மா. ஒரு நிமிஷம்கூட தியானம் பண்ணலை. உட்கார்ந்தேன், அப்படியே சாஞ்சு தூங்கிட்டேன்."

"யாரு எழுப்புனா?" என்று கேட்டார் உலகம்மை.

ஆவுடைநாயகி யோசித்தார். மணி அடிக்கவில்லை, யாரும் வந்து எழுப்பவுமில்லை. மெல்லக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.