வெறுங்கையோடு வந்த முயல்

ஒரு காட்டில், ஓடைக்கரையில், செவலைக் குதிரை ஒன்று தன்னந்தனியாகப் படுத்துக் கிடந்தது. அதன் முன்னங்குளம்புகள் இரண்டும் நெருப்பாய்க் கொதித்தன. நிற்க முடியவில்லை.

அதன் கூட்டம் மலைக்கு அப்பால் போய்விட்டது. போகும்போது தலைவிக் குதிரை சொல்லியிருந்தது: "இளம்புல், கொள்ளு, தித்திப்பு மூன்றும் உன் குளம்புக்கு ஆகாது. காய்ந்த புல்லை மட்டும் தின்று கிட. கொன்றை பூக்கும்போது இந்த வழியாகத்தான் திரும்புவோம். நடக்க முடிந்தால் எங்களோடு சேர்ந்துகொள்."

குதிரையும் காய்ந்த புல்லை மென்றுகொண்டே காத்திருந்தது. பேச்சுத் துணைக்கு யாருமில்லை. தன் நிழலோடு பேசிப் பேசி அதற்கே அலுத்துப்போயிற்று.

ஒருநாள் முயல் நலம் விசாரிக்க வந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா, குழந்தைகளே? ஒரு கட்டு இளம்புல் கொண்டு வந்திருந்தது.

'வேண்டாம்' என்ற சொல் குதிரையின் வாய்வரை வந்துவிட்டது. மறுத்தால் முயல் மறுபடி வராதே! பேசாமல் தின்றுவிட்டது.

மறுநாள் மயில் கொள்ளுக் காய்களோடு வந்தது. அதற்கு மறுநாள் கரடி தேனடையோடு வந்தது.

"இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் சாப்பிடு. சாப்பிடாவிட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும்!" என்றது கரடி.

அந்த அசட்டுக் குதிரை கரடியின் கோபத்துக்குப் பயந்ததே தவிர, தன் குளம்புக்குப் பயப்படவில்லை. தினமும் தின்றது. தினமும் யாராவது வந்தார்கள்.

கொன்றை பூத்தது. ஒரு காலையில் தரை அதிர்ந்தது. கூட்டம் வந்துவிட்டது! குதிரை எழப் பார்த்தது. முன்னங்கால்கள் மடங்கின.

தலைவி அருகில் வந்து அதன் வாயை முகர்ந்தது.

"தேன் வாசனை வருகிறதே" என்றது. திரும்பிக் கூட்டத்தோடு போய்விட்டது.

அன்று முயல் புல்லோடு வந்தபோது குதிரை அழுதுகொண்டிருந்தது.

"இந்தப் புல்லும்தான் என்னை முடக்கிப் போட்டது."

"ஐயையோ! முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா?"

"சொன்னால் நீ வராமல் போய்விடுவாயோ என்று பயந்தேன்."

"வெறுங்கையோடு வந்தால் நீ தவறாக நினைப்பாயோ என்று நான் பயந்தேன்!"

முயல் தான் கொண்டு வந்த புல்லைத் தானே தின்று தீர்த்தது. மறுநாள் வெறுங்கையோடு வந்து குதிரையின் பக்கத்தில் உட்கார்ந்தது. மயிலும் அப்படியே வந்தது. 'தேன் வேண்டாம்' என்று குதிரை சொன்னதும் கோபித்துக்கொண்டு போன கரடி மட்டும் வரவேயில்லை.

அடுத்த கொன்றை பூக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

நீதி: உடம்புக்கு ஆகாததை உறவுக்காக விழுங்காதே, வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்.