பல்கலைக்கழகத்துக்குக் கை தூக்கிய ஊர்

கையைத் தூக்கினால் பல்கலைக்கழகம் வருமா? உங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். கோணங்கிப்பட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை, தூக்கியேவிட்டார்கள்.

எல்லாம் செவந்தியால் வந்தது. அவள் மகள் முத்தரசி பிளஸ் டூ முடித்திருந்தாள். மேலே படிக்க வைத்தே தீருவது என்று செவந்திக்கு ஒரே பிடிவாதம்.

"வெளியூர் எதுக்கு? நம்ம ஊர்லயே ஒண்ணு வச்சிருவோம்," என்றார் ஊராட்சித் தலைவர் மாசிலாமணி.

விசாரிக்கப் போனவர்களுக்குக் கல்வி அலுவலக எழுத்தர் பொறுமையாகச் சொன்னார்: "மத்தியப் பல்கலைக்கழகம்னா நாடாளுமன்றத்துல சட்டம் போடணும். மாநிலத்துதுன்னா சட்டசபையில. அங்க கை தூக்கி ஆதரிக்கணும், ஆளுநர் ஒப்புதல் தரணும். அப்புறம் அரசு நிதி ஒதுக்கும், மானியக் குழு தரம் பார்க்கும்."

"நமக்குத்தான் கிராம சபை இருக்கே!" என்றார் மாசிலாமணி. உடனே கூட்டம் கூடியது.

"எந்தக் கையைத் தூக்கணும்?" என்றான் செவந்தியின் புருஷன் சடையன்.

"சோத்துக் கைதான். நல்ல காரியம் பாரு," என்றார் மாசிலாமணி.

"எப்ப இறக்கணும்?"

"ஒப்புதல் வந்த பிறகு. நடுவுல இறக்கினா பாதிப் பல்கலைக்கழகம்தான் வரும். கட்டடம் இருக்கும், வாத்தியார் இருக்க மாட்டார்."

நியாயமாகத்தான் பட்டது. தீர்மானத்தைத் தபாலில் போட்டுவிட்டு ஊரே கையைத் தூக்கியது. தூக்குவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டார்கள், அந்தமட்டும் புத்தி.

ஓட்டு வயசு வராத பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சோறு ஊட்டின. மாடுகள் ஒற்றைக் கைக்குப் பாதிப் பால்தான் கறந்தன. கையை இறக்காமல் கழற்ற முடியாததால் சடையன் சட்டையோடேயே குளித்தான்.

ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் நின்றன.

"யாருய்யா ஏறணும்?" என்று கத்தினார் கண்டக்டர்.

"யாரும் ஏறல. நாங்க சட்டம் போட்டுக்கிட்டு நிக்கிறோம். நீங்க போங்க!"

ஒன்பதாம் நாள் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தூக்கிய கைகளைப் பார்த்து, "இத்தனை பேருக்குச் சந்தேகமா? ஒவ்வொருத்தரா கேளுங்க," என்றார். ஒரு கையும் இறங்கவில்லை.

அவர் செவந்தியிடம் திரும்பினார். "தீர்மானத்துல உங்க பொண்ணு பேர் இருந்துச்சும்மா. பதினஞ்சு கிலோமீட்டர்லயே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கு. சட்டம் போட்டாச்சு, நிதி வருது, வாத்தியாரும் இருக்காங்க. இந்தாங்க விண்ணப்பம். இன்னிக்குக் கடைசி நாள், பெத்தவங்க கையெழுத்து ஒண்ணு போடுங்க."

கையை இறக்கினால் ஊர்ப் பல்கலைக்கழகம் போச்சு. இறக்காவிட்டால் மகள் படிப்பு போச்சு.

"இடது கையில போடுங்களேன்," என்றார் அதிகாரி.

"நல்ல காரியத்துக்கா? நல்லா இருக்கே நீங்க சொல்றது!"

ஊரே அவளைப் பார்த்தது. அவள் பேனாவை வாங்கி, தூக்கிய கையில் செருகிக்கொண்டாள்.

"ஐயா, அந்த ஜீப் மேல ஏறி, தாளைக் கொஞ்சம் உசரமாப் பிடிங்களேன்!"