சாரை தட்டிய முட்டைகள்

அந்தக் காலத்தில், முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தானாக எலும்பு வைக்காது. தாய்தான் வாலால் முட்டையை மெல்லத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு முதுகெலும்பு. தட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அது இறுகிய பிறகே அடுத்த தட்டு. கழுத்து முடிந்ததும் மூன்று நாள் தட்டாமல் இருப்பார்கள். அந்த இடத்தில்தான் முன்னங்கால்கள் முளைக்கும். விலா முடிந்ததும் மறுபடி மூன்று நாள், அங்கே பின்னங்கால்கள். எலும்பெல்லாம் இறுகிக் குஞ்சு முழுசானால் முட்டை தானாகக் கிழியும். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்பது அன்றைய தாய்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது சாரைக்கும் நான்கு கால்கள் இருந்தன. ஆற்றங்கரைப் புற்று ஒன்றில் அவளும் உடும்பும் அக்கம்பக்கமாக முட்டையிட்டிருந்தார்கள். சாரை அதற்கு முன் இரண்டு தடவை இட்ட முட்டைகளையும் கீரி தின்றுவிட்டது. இந்தப் பன்னிரண்டுதான் அவளுக்கு இருந்த ஆசை எல்லாம்.

மூன்றாம் தட்டு விழுந்த மறுநாள் காலை, நண்டு அவசரமாக மேடேறி வந்தது.

“மேல மலையில நல்ல மழை. அஞ்சு நாள்ல தண்ணி இந்தப் புத்துக்குள்ள வந்துரும். கெளம்புங்க.”

தாய்கள் கிளம்பலாம். முட்டைகளை என்ன செய்வது? தட்டு விழுந்த முட்டையைப் புரட்டினாலே உள்ளே உயிர் நின்றுவிடும்.

“அக்கா, வெரசா தட்டிப் பாக்கவா?” என்றாள் சாரை.

“வேணாம்டி. காலுக்கு எடம் விடாம தட்டுனா அதுக எப்படிப் பொழைக்கும்? போன ஆடியிலயும் நண்டு இதையேதான் சொன்னான். தண்ணி பாதி மேட்டோட நின்னு போச்சு.”

“இந்தத் தடவ வந்துட்டா?”

உடும்பு அன்றைய ஒரு தட்டைத் தட்டிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டாள்.

சாரையால் முடியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் இருபது தட்டு, மறுநாள் ஐம்பது. பெரிதாக வளர நேரமில்லாமல் ஒவ்வொரு எலும்பும் பொடியாகவே இறுகியது. கழுத்து முடியும் இடம் வந்தது. நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆற்றின் இரைச்சல் கேட்டது, நிறுத்தவில்லை. விலா முடியும் இடமும் வந்து போனது. பயத்தில் எண்ணிக்கை தவறியது. எத்தனை ஆயிற்று என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் நண்பகலில் புற்றின் அடியில் தண்ணீர் நுழைந்தது. அதே நேரத்தில் சாரையின் முட்டைகள் கிழிந்தன. வெளியே வந்தவற்றுக்குக் காலே இல்லை. தலை, அதன் பின் முதுகு, முதுகு, முதுகு. வெள்ளத்துக்குக் கொடுக்கவா இத்தனை அவசரப்பட்டேன் என்று சாரை அழுதாள். ஆனால் அத்தனை மூட்டுகள் இருக்கும் உடம்பு வளையாமல் என்ன செய்யும்? புற்றின் உச்சியில், கால் உள்ள எதுவும் நுழைய முடியாத வெடிப்பு வழியாகப் பன்னிரண்டும் வளைந்து வளைந்து வெளியேறின.

உடும்பின் முட்டைகளுக்குள் அதுவரை எட்டு எலும்புகள்தான் இருந்தன. தண்ணீர் அவற்றை மூடியது.

வெள்ளம் புகுந்துகொண்டிருந்த புற்றின் வாய் வழியாக நீந்தித் தப்பிய இரு தாய்களும் மேட்டில் ஈரத்தோடு நின்றார்கள்.

“புள்ளைகளக் கெடுத்துட்டேன் அக்கா,” என்றாள் சாரை.

“ஒன்னோடது உசுரோட இருக்கு,” என்றாள் உடும்பு. புற்றை மூடிய தண்ணீரைப் பார்த்தபடி, “என்னோடதுக்கு நாலு காலும் வந்திருக்கும்,” என்றாள்.

யார் செய்தது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அடுத்த ஆண்டு உடும்பு மறுபடி முட்டையிட்டு, மறுபடி நாளுக்கு ஒன்றாகத் தட்டினாள். அந்த நிதானம் அவள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குள்ளும் இறங்கியது. சாரை தட்டவே இல்லை. பக்கத்தில் இருந்தால் வால் சும்மா இருக்காது என்று பயந்து, முட்டையிட்டதும் விலகிப் போனாள். ஆனாலும் அந்த முட்டைகளுக்குள் தட்டு தானாகவே ஓடியது, அதே வேகத்தில், காலுக்கு எங்கும் நிற்காமல். தாயின் பயம் பிள்ளைகளின் உடம்புக்குள் போய்விட்டிருந்தது.

அன்று முதல்தான் அவள் வழிவந்த பாம்பினத்துக்கு முதுகெலும்பு நூற்றுக்கணக்கில் இருக்கிறது, கால் இல்லை. அன்று முதல்தான், யாராவது நெருங்கினால் சாரை வாலைச் சருகின்மேல் விடாமல் தட்டுகிறது, இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருப்பதுபோல.