4417-ஆம் காடு

குழந்தைவேலு சாருக்கு வயது ஐம்பத்தொன்று. ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு. ஆனால் மாணவர் அவர், ஆசிரியை இவள். இருபது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்திய மனுஷன், அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் கோவை அலுவலகத்தில் கணினி விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசை. நடந்ததெல்லாம் கண்ணால் பார்த்தேன்.

அவர் செய்த விளையாட்டு இதுதான். காய்ச்சலோடு ஒரு காட்டில் கண் விழிப்பீர்கள். இலை, உப்பு, பிசின் என்று கிடைப்பதைக் கலந்து பார்த்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணினி புதுக் காடு ஒன்றை உண்டாக்கும். இந்தக் காட்டில் மருந்தானது அடுத்த காட்டில் விஷமாகலாம். ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் எண்; அந்த எண்ணைக் கொடுத்தால் அதே காடு திரும்ப வரும்.

மறுநாள் தேர்வுக் குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்தால் விளையாட்டு வெளியாகும். இல்லையென்றால் சார் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று காலை எட்டுப் பேரை விளையாட வைத்தோம். எட்டுப் பேரும் பத்தே நிமிஷத்தில் காட்டுக்குள் செத்தார்கள்.

சார் முகம் வெளிறிப்போய் ஜெசிந்தாவிடம் வந்தார்.

“மேடம், நாளைக்கு ஒரே காட்டை மட்டும் காட்டிடலாங்களா? 4417. கூடவே கலவைப் பட்டியலும் கொடுத்துடலாம். எதோட எதைச் சேர்த்தா என்ன வரும்னு அறுபது வரி. யாரும் சாக மாட்டாங்க.”

“ஏன் சார் 4417?”

“ஆறு மாசமா அதுலதானுங்க சோதிச்சுப் பார்க்கறேன். காடு மாறிட்டே இருந்தா தப்பைக் கண்டுபிடிக்க முடியாதுங்களே.”

ஜெசிந்தா விசைப்பலகையை இழுத்து ஏதோ தட்டினாள்.

“விளையாடுங்க.”

சார் தெம்பாக உட்கார்ந்தார். செவ்விலை, உப்பு, தீ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், அந்த மருந்தை. கலந்து குடித்தார்.

செத்தார்.

“ஐயய்யோ! என்னங்க மேடம் பண்ணி வெச்சீங்க? ஆறு மாச உழைப்புங்க!”

“எண்ணை மட்டும் மாத்தினேன் சார். மிச்சமெல்லாம் நீங்க எழுதினது.”

சார் திரையையே வெறித்துப் பார்த்தார்.

“அப்போ... என் விளையாட்டை நானே ஒரு தடவைகூட விளையாடலீங்களா?”

“இன்னொரு தடவை போங்க.”

போனார். மூன்று காடுகளில் செத்தார். நாலாவதில் குடிக்கப் போனவர் நிறுத்தினார். பிசினைக் கரியோடு இடித்து, ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் காத்திருந்தார். காய்ச்சல் இறங்கியது.

“வந்துடுச்சு! மேடம், வந்துடுச்சுங்க!”

எழுந்து நின்று அவர் கத்திய கத்தலில் என் டீ சட்டையில் கொட்டியது. அலுவலகமே திரும்பிப் பார்த்தது. சாருக்குக் கண் கலங்கியிருந்தது.

மூச்சு வாங்க உட்கார்ந்தவர் கேட்டார். “பட்டியல்ல இந்தக் காட்டு மருந்தையும் சேர்த்து நாளைக்குக் கொடுத்துடட்டுங்களா?”

“கொடுங்க சார். இப்ப கத்தினீங்களே, அதை எத்தனாவது வரியில போடுவீங்க?”