ராஜா கண் சிமிட்டிய நாள்

ஏரிக்கரை நாணலில் ஒரு பெரிய சூறைக்குருவிக் கூட்டம் தங்கியிருந்தது. பகலெல்லாம் சோளக்கொல்லையில் வெட்டுக்கிளி தின்னும். சாயங்காலம் ஆனால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, வானத்தில் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டுத்தான் நாணலில் அடங்கும்.

சுற்றுவது அழகுக்காக அல்ல. ஏரிக்கு மேற்கே பாறையில் ஒரு வல்லூறு ஜோடி குடியிருந்தது. அதனால் குருவிகளுக்குள் ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொன்றும் பக்கத்தில் பறக்கும் குருவியைப் பார்த்துக்கொண்டே பறக்கும். அது திரும்பினால் இது திரும்பும். எங்கோ ஓரத்தில் ஒன்று வல்லூறைக் கண்டுவிட்டால் போதும், மொத்தக் கூட்டமும் புகை மாதிரி புரண்டு வளைந்துவிடும். வல்லூறு எதைப் பிடிப்பது என்று புரியாமல் திரும்பிப் போகும்.

ஒரு நாள் மந்திரி நரியார் ஏரிக்கரைக்கு வந்தார்.

"இங்கே யார் தலைவர்?"

"அப்படி யாரும் இல்லையே," என்றது பவளம் என்ற குருவி.

"தலைவர் இல்லாமல் எப்படிக் கூட்டம் நடத்துகிறீர்கள்?"

"நடத்துவதில்லை. பறக்கிறோம்."

நரியாருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம் காட்டெருமை ராஜாவுக்கு முடிசூட்டு விழா வருகிறது. அன்றைக்கு வானத்தில் ராஜாவின் முகம் தெரிய வேண்டும். நீங்கள்தான் அந்த முகம். செய்தால் இந்த நாணல் உங்களுக்கு. செய்யாவிட்டால் எருமைகள் வந்து புரளும். எப்படி வசதி?"

குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நாணல் போனால் படுக்க இடம் ஏது?

"சரி," என்றன.

பயிற்சி கொடுக்க ஒரு மயில் வந்தது. எல்லோரும் அதை மயில் மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. மாஸ்டருக்குப் பறக்கத் தெரியுமா என்று கேட்கக் கூடாது. வேலியிலிருந்து கூரைக்குப் போவார், கூரையிலிருந்து வேலிக்கு வருவார். மேடையேறிப் பறப்பதைப் பற்றிப் பேசுவதற்கு அது போதாதா?

மாஸ்டர் பொட்டல் தரையில் பூவரசு இலைகளைப் பரப்பி ராஜாவின் முகத்தை வரைந்தார். ஆளுக்கு ஓர் இலை. அவரவர் இலைக்கு நேர் மேலே சின்னதாய் வட்டமடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் பாடம்.

முதல் நாள் காற்றடித்தது. ராஜாவின் இடது காது ஏரிக்குள் போயிற்று. அந்தக் குருவிகளும் இலைக்குப் பின்னாலேயே போய்த் தண்ணீர் மேல் நின்றன. மறுநாள் ஓர் ஆடு வந்து தாடையை மேய்ந்துவிட்டது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, இலையை எடுத்துவிட்டுக் கூழாங்கல் வைத்தார்.

"இனிமேல் உங்களுக்கு உங்கள் கல்தான் எல்லாம்! அக்கம் பக்கம் பார்க்கக் கூடாது!"

"பார்க்காமல் எப்படி மாஸ்டர் பறப்பது?" என்றது பவளம்.

"பார்த்தால் என்ன ஆகிறது? அவள் அசைந்தால் நீயும் அசைகிறாய். நீ அசைந்தால் ராஜாவின் மூக்கு கோணுகிறது. கல்லைப் பார்!"

"வல்லூறு வந்தால்?"

"ராஜா விழாவில் வல்லூறா? அதற்கு அவ்வளவு தைரியமா?"

வல்லூறுக்கு விழாப் பத்திரிகை அனுப்பியிருந்தார்களா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு இடச் சண்டை. நெற்றிக்கு எல்லாரும் தயார். கொம்புக்கும் தயார். மூக்குத் துவாரத்துக்கு மட்டும் ஆளில்லை.

"நான் எதுக்கு மூக்கிலே நிக்கணும்? எங்க வீட்டிலே யாரும் மூக்கிலே நின்னதில்லை!"

"அப்போ வாயிலே நில்லு. நாள் பூரா அதுதானே உன் வேலை!"

கடைசியில் மூக்கு பவளத்துக்கு விழுந்தது. கேள்வி கேட்டால் அப்படித்தான். அதன் தங்கை செவ்வந்திக்குக் கண்மணியில் இடம் கிடைத்தது. நெருக்கமாய் ஒரு கொத்துக் குருவிகள் நிற்க, சுற்றிலும் வெறும் வானம். அதுதான் ராஜாவின் கண்.

"அக்கா, எல்லாரும் முதல்லே என்னைத்தான் பாப்பாங்களாம்! மாஸ்டரே சொன்னார்!"

"எல்லாருமா? அதைத்தான்டி நானும் நினைச்சுக்கிட்டு இருக்கேன்," என்றது பவளம்.

"மூக்கு கிடைச்ச பொறாமை உனக்கு!"

விழா நாள் வந்தது. அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ராஜாவின் கழுத்து அவ்வளவு தடிமன், அண்ணாந்து பார்க்க வளையாது. ஆகவே அவரைப் பொட்டலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நாலு காலும் மேலே. ராஜா படுத்திருக்கும்போது மற்றவர்கள் நிற்பது மரியாதையா? நரியார் படுத்தார். மான்கள் படுத்தன. கரடி புரண்டு படுத்தது. மயில் மாஸ்டர் மட்டும் தோகை மடங்கும் என்று உட்கார்ந்துகொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் குருவிகள் கிளம்பின. அவரவர் கல்லுக்கு மேலே போய் நின்றன. வானத்தில் கொம்பு முளைத்தது. காது முளைத்தது. முகம் முழுசாய் வந்தது. ராஜாவுக்கு நிஜத்தில் ஒரு கொம்பு நுனி உடைந்திருந்தது. வானத்தில் அது உடையவில்லை.

"ஆகா!" என்றார் ராஜா.

"ஆகா!" என்றது காடு.

பாறையில் இருந்த வல்லூறும் அதையேதான் சொல்லியிருக்கும். பிறந்ததிலிருந்து அது குருவிகள் ஓரிடத்தில் நின்று பார்த்ததே இல்லை. இன்றைக்கு இலை போட்டுப் பரிமாறினதுபோல் வரிசையாய் நின்றன. ஒன்றும் அதன் பக்கம் திரும்பவில்லை. எல்லாத் தலையும் குனிந்திருந்தது.

வல்லூறு உயரே போய், இறக்கையை ஒடுக்கி, நேரே கண்ணில் விழுந்தது.

கண்மணி சிதறியது. பவளத்துக்குக் காற்று கிழிகிற சத்தம் கேட்டது. தலையைத் திருப்பப் போனது.

"கல்லு! கல்லைப் பார்!" என்று கீழே மாஸ்டர் அகவினார்.

பவளம் கல்லைப் பார்த்தது. சிதறிய குருவிகளும் அதே சத்தத்துக்கு அடங்கி, அவரவர் கல்லுக்கு மேலே வந்து நின்றன. ராஜாவின் கண் மூடித் திறந்தது.

கீழே ஒரே ஆரவாரம்!

"நான் கண் சிமிட்டினேன்! பார்த்தீர்களா? கண் சிமிட்டினேன்!" ராஜா மல்லாந்தபடியே நாலு காலையும் ஆட்டினார்.

"உயிரோடு இருக்கிற மாதிரியே இருந்தது மகாராஜா!" என்றார் நரியார். மேலேயிருந்து ஓர் இறகு சுழன்று இறங்கி அவர் மூக்கில் உட்கார்ந்தது. ஊதித் தள்ளினார்.

"மாஸ்டர், இதை ஒத்திகையில் சொல்லவே இல்லையே!"

மாஸ்டருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் பாராட்டு வரும்போது அதெல்லாம் சொல்வார்களா? "ராஜாவுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்," என்றார்.

"இன்னொரு தரம்!"

"கண்ணில் இருக்கிறவர்கள்! இன்னொரு தரம் கலைந்து சேருங்கள்!" என்று மாஸ்டர் மேலே பார்த்துக் கத்தினார்.

மூக்கில் நின்ற பவளம் தலை நிமிர்ந்தது.

"கண்ணிலே என்ன ஆச்சு? செவ்வந்தி இருக்காளா?" என்று பக்கத்துக் குருவியைக் கேட்டது.

"என்னைக் கேக்காதே. நான் என் கல்லைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கேட்டுச் சொல்லு!"

"அவளும் கல்லைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா."

பாறையிலிருந்து இரண்டாவது வல்லூறு கிளம்பியது. பவளத்துக்கு அது தெரிந்தது, ஏனென்றால் குருவிகளில் பவளம் மட்டும்தான் தலை நிமிர்ந்திருந்தது.

பவளம் கல்லை விட்டது. நேரே கண்ணுக்குப் பறந்தது.

"மூக்கு போகிறது! யாராவது மூக்கைப் பிடியுங்கள்!" என்று மாஸ்டர் குதித்தார்.

செவ்வந்தி இருந்தது. குனிந்த தலை நிமிராமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கல்லுக்கு மேலே யாரும் இல்லை.

"அடியே! உன் பக்கத்திலே யார் நின்னது?"

"என் பக்கத்திலேயா?" செவ்வந்தி விழித்தது. "யாரோ நின்னாங்க அக்கா. நான் பாக்கலியே."

"இப்போ என்னைப் பாரு! என்னை மட்டும் பாரு!"

பவளம் திரும்பியது. செவ்வந்தி திரும்பியது. அதைக் கண்டு அடுத்தது திரும்பியது. கண் காதாகி, காது கொம்பாகி, முகம் முழுவதும் புகையாகிப் புரண்டது. வல்லூறு அதற்குள் விழுந்து, ஒன்றும் அகப்படாமல் வெளியே வந்து, வெறுங்காலோடு பாறைக்குப் போயிற்று.

"என் முகம் எங்கே?" என்று ராஜா உறுமினார். மல்லாந்த எருமை அவசரத்தில் எழுந்திருக்க முடியுமா? எழுப்பி நிறுத்துவதற்குள் வானம் காலியாகிவிட்டது.

"நாணல் கிடையாது! ஒரு தட்டைகூடக் கிடையாது!" என்று நரியார் கத்தினார். கேட்கக் குருவிகள் அங்கே இல்லை. அவை மலைக்கு அப்பால் முள்மரங்கள் நிறைந்த ஒரு குட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. படுத்தால் குத்தும். ஆனாலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன.

உட்கார்ந்த பிறகு, போனது யார் என்று கேட்டுக்கொண்டன. கண்ணில் நின்ற ஒன்றுக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றும் தன் கல் எப்படி இருந்தது என்று மட்டும் சரியாய்ச் சொன்னது. ஒன்று கறுப்புக் கல், ஒன்று வரி போட்ட கல், ஒன்று உருண்டைக் கல். போன குருவியின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

காட்டில் இன்றைக்கும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். மயில் மாஸ்டருக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். எருமைகள் நாணலில் புரள்கின்றன.

நீதி: கீழேயிருந்து கைதட்டுகிறவர்களுக்காகத் தன் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு, பக்கத்தில் இருந்தவர் போனதுகூடத் தெரியாது.