முள்ளம்பன்றிக்கு வாய்த்த வழக்குரைஞர்கள்

மூங்கில் அடர்ந்த ஒரு மலைக்காட்டில் விலங்குகள் தங்களுக்கென ஒரு நீதி அவையை வைத்திருந்தன. ஏரிக்கரை மருதமரத்தடியில் அது கூடும். மூத்த பெண்யானை நீதி வழங்கும். அந்த அவையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவரை அடைத்துவைத்தவர், அடைபட்டவரை அவைமுன் கொண்டுவந்து நிறுத்தி, யார் ஆணையால் அடைத்தார் என்று சொல்ல வேண்டும். சொல்ல இயலாவிட்டால் அடைபட்டவர் அக்கணமே விடுதலை பெறுவார். அச்சட்டத்தைச் சொல்லும்போது முயல்கூட நெஞ்சை நிமிர்த்தும். "புலியே அடைத்தாலும் புலிதான் வந்து பதில் சொல்ல வேண்டும். வேறெந்தக் காட்டில் உண்டு இப்படி?" என்று கேட்கும்.

ஏரிக்கரைக்குக் காவல் கழுதைப்புலி. அது ஒருநாள் முள்ளம்பன்றியைப் பிடித்து ஓடையோரப் பாறைப் பொந்தில் தள்ளி, வாயிலில் ஒரு கல்லை உருட்டி வைத்தது. "கரையைத் தோண்டிய கள்ளன் இவன்" என்று காடறியச் சொன்னது. உண்மை வேறு. மேட்டுச்சரிவில் முள்ளம்பன்றி தோண்டியிருந்த வளை ஆழமானது. எந்த மழையிலும் நனையாதது. கழுதைப்புலி அன்றே தன் குட்டிகளோடு அதில் குடியேறிவிட்டது.

முள்ளம்பன்றி கல்லிடுக்கு வழியே கூவி, அவ்வழியே போன மானிடம் சொல்லி, அவைக்கு முறையிட்டது. அடைபட்டவருக்காகப் பேச அவையே ஒரு வழக்குரைஞரை அமர்த்தும். அவர் "ஆயத்தம்" என்று சொன்ன பிறகே அடைபட்டவரைக் கொண்டுவருவார்கள். வழக்குரைஞர் மாறினால், புதியவர் வழக்கைக் கற்றுக்கொள்ள அடுத்த முழுநிலவுவரை தவணை உண்டு. வழக்கும் முதலிலிருந்து தொடங்கும். நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம்தான் அது.

முதலில் நாரை அமர்த்தப்பட்டது. "இனி வேறு ஆள் வேண்டாம், நானே கடைசி ஆள்" என்று சொல்லி, கல்லிடுக்கில் அலகை நுழைத்துப் பாதிக் கதையைக் கேட்டது. அதற்குள் அதன் கூட்டம் வடக்கே புறப்பட்டது. "இனம் போகும்போது நான் மட்டும் நிற்க முடியாது, அப்பா" என்று சொல்லிப் பறந்துவிட்டது.

அடுத்து மைனா வந்தது.

"கவலைப்படாதே, தம்பி. 'அறியாமல் செய்துவிட்டான், இரக்கம் காட்டுங்கள்' என்று நான் குழைந்து பேசினால் யானையம்மா கண்கலங்கிவிடுவார்."

"செய்யாததற்கு எதற்கு இரக்கம், அக்கா? கரையை என் நகம் தொட்டதே இல்லை. என்னை ஏன் அடைத்தார்கள் என்று கேளுங்கள், போதும்."

"பொந்துக்குள் கிடக்கிறாய். உனக்கு இந்த முறுக்கு எதற்கு?"

"முள்ளெல்லாம் உதிர்ந்தாலும் இது உதிராது."

மைனா சினந்து விலகியது.

பிறகு மந்தி அமர்த்தப்பட்டது. அது நேர்மையாகவே பேசியது. "கழுதைப்புலி காவல் காக்கும் பலாமரத்தில்தான் என் குடும்பம் பிழைக்கிறது. அதை எதிர்த்து என் நாக்கு எழாது. அரைமனதாய் நிற்பதைவிட விலகுவதே மேல்" என்றது. விலகியது.

ஒவ்வொரு முறையும் கழுதைப்புலி வளைவாயிலில் கால்நீட்டிப் படுத்தபடி, "தாராளமாய் மாற்றுங்கள். எனக்கென்ன அவசரம்?" என்று சிரித்தது.

இதற்குள் மேற்கே மேகம் திரண்டுவிட்டது. முதல் பெருமழையில் ஓடை பெருகும். பெருகினால் அந்தப் பொந்து கூரைவரை நிறையும். இது காட்டில் எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருந்த முள்ளம்பன்றிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அவை உடும்பை அமர்த்தியது. உடும்பு கல்லிடுக்கில் நின்று பேசவில்லை. உடலை ஒடுக்கி இடுக்கு வழியே உள்ளேயே போய்விட்டது.

"நீங்கள் எத்தனையாவது ஆள், அண்ணா?" என்றது முள்ளம்பன்றி.

"கடைசி ஆள்."

"நாரையும் அப்படித்தான் சொன்னது."

"நாரைக்குச் சிறகு இருந்தது. எனக்குப் பிடி மட்டும்தான். முதலிலிருந்து சொல்."

இருட்டில் இரண்டும் அருகருகே படுத்திருந்தன. முள்ளம்பன்றி முழுக்கதையையும் சொன்னது.

அவை கூடிய நாளில் உடும்பு எழுந்து, "நான் ஆயத்தம். தவணை வேண்டாம்" என்றது.

"புதியவருக்குத் தவணை தருவது வழக்கமாயிற்றே?" என்றது யானை.

"தாயே, வழக்குரைஞர்தான் புதியவர். பொந்தில் கிடப்பவரும் புதியவரா? தவணை எனக்குக் கிடைக்கும். அந்த இருட்டு அவருக்குக் கிடைக்கும்."

கழுதைப்புலி திடுக்கிட்டு முன்னே வந்தது. "யானையம்மா, ஒரு சொல். கூடுகூடாய் ஏறி முட்டை தின்னும் உடும்பா ஓர் ஏழைக்காகப் பேசுவது? மயிலாரை அமர்த்துங்கள். தோகையோடு அவர் நின்றால் அவைக்கே அழகு."

மயில் கழுத்தை ஒருமுறை சாய்த்துப் பார்த்துக்கொண்டது. அவையில் பலரும் தலையசைத்தனர்.

உடும்பு அமைதியாகச் சொன்னது: "மயிலார் என்னைவிட நன்றாகவே பேசுவார். ஆனால் வழக்கு யாருடையதோ அவரைக் கேளுங்கள். இங்கே வந்து அவரே சொல்லட்டும்."

கழுதைப்புலி மனத்துக்குள் கணக்குப் போட்டது. 'மயில் நிற்கும்போது உடும்பை யார் கேட்பார்? மயில் வந்தால் இன்னொரு தவணை. அதற்குள் மழை வந்துவிடும்.' உடனே, "நானே அழைத்து வருகிறேன்" என்று ஓடியது. தன் கையாலேயே கல்லை உருட்டித் திறந்தது.

முள்ளம்பன்றி வந்தது. மேலெல்லாம் சேறு. வெளிச்சத்தில் கண் கூசியது. ஆயினும் தலை தாழவில்லை.

"உனக்காகப் பேச யார் வேண்டும்?" என்று யானை கேட்டது.

"மயிலார் அழகாகப் பேசுவார், தாயே. ஆனால் வெளியே நின்று கேட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். உள்ளே வந்து கேட்டவர் இவர் ஒருவர்தான். எனக்கு இவரே போதும்."

உடும்பு ஓரடி முன்னே வைத்தது. "அடைபட்டவர் இதோ அவைமுன் நிற்கிறார். இனி நான் பேச ஒன்றுமில்லை. சட்டம் கேட்கும் கேள்வியை நீங்களே கேளுங்கள்."

யானை திரும்பியது. "யார் ஆணையால் அடைத்தாய்?"

"கரையில் ஒரு துளை இருந்தது..."

"துளையைக் கேட்கவில்லை. ஆணையைக் கேட்டேன்."

"மயிலார் வரட்டும், நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்..."

"யார் ஆணை?"

கழுதைப்புலி தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதல் தூறல் மருத இலைகளில் விழுந்தது.

"முள்ளம்பன்றிக்கு விடுதலை!" என்றது யானை. "வளையை இன்றே திருப்பிக் கொடு. கரையில் துளை இருந்தால் அதற்குத் தனியே வழக்குத் தொடு. அவர் வெளியில் நின்றே பதில் சொல்வார்." பிறகு முள்ளம்பன்றியின் முன் துதிக்கையைத் தாழ்த்தியது. "எங்கள் சட்டத்தைப் பெருமையாய்ப் பேசினோம். எங்கள் வழக்கமோ உன் வாயிலில் கல்லாய்க் கிடந்தது. இனி வழக்குரைஞர் மாறினாலும், வழக்கு நின்ற இடத்திலிருந்தே நடக்கும்."

முள்ளம்பன்றி வணங்கிவிட்டுச் சொன்னது: "மழை தொடங்கிவிட்டது, தாயே. கழுதைப்புலிக்குச் சின்னக் குட்டிகள் இருக்கின்றன. மழை விடும்வரை அவை என் வளையின் ஓரத்தில் இருக்கட்டும். இரக்கத்தைக் கேட்டு வாங்க எனக்கு வராது, கொடுக்க வரும்."

அவை முழுதும் எழுந்து வழிவிட்டது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, நனைந்தபடி, தன் சரிவை நோக்கி நடந்தது.

பேசுபவர் எத்தனை முறை மாறினாலும் அடைபட்டவரின் உரிமை முதலிலிருந்து தொடங்கலாகாது. ஆகவே, பிறர் சுமையைத் தோளில் ஏற்றவர்களே, அது இறங்கும்வரை பிடியை விடாதீர்கள்.