ஐந்தாவது ரொட்டி

சல்லடையில் தங்கிய தவிட்டை அள்ளி, அமுதவல்லி மறுபடியும் கோதுமை மாவிலேயே கொட்டினாள்.

"என்ன குருவே, நான் மெனக்கெட்டுச் சலிச்சதை!"

"சத்தும் மணமும் அதுலதானேய்யா இருக்கு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நரைத்த தலைக்காரர் 'குருவே' என்றால் அவளுக்குக் காதுமடல் சுட்டுவிடும்.

மாசிலாமணி டவுன் பேக்கரியில் முப்பது வருஷம் மைதாவை அடித்துப் பிசைந்தவர். மடத்துச் சமையற்கட்டில் அவள் சுடும் சம்பா கோதுமை ரொட்டியைத் தன் மனைவிக்காகக் கற்றுக்கொள்ள வந்து நாலு நாள் ஆகிறது. நாலு ரொட்டியும் வறட்டியாய்ப் படுத்துவிட்டன.

"நான் சுட்டதையே அக்காவுக்குக் கொண்டுபோங்களேன்."

"முப்பது வருஷம் ஆக்கிப்போட்டவம்மா. ஊருக்கெல்லாம் சூடா குடுத்தேன், அவளுக்கு மீந்ததுதான். இப்பக் கை தூக்க முடியாமக் கிடக்கா. ஒரு தடவை என் கையால சுட்டதைத் திங்கட்டும்."

புளித்த மாவில் ஓர் உருண்டை சேர்த்து, தண்ணீரைக் குறைத்து, அவரே மாவைக் கூட்டினார். பிறகு பழக்கத்தில் முஷ்டியை ஓங்கினார்.

"எவ்வளவு நேரம் அடிக்கணும்?"

அவள் தூளியில் சிணுங்கிய தன் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இவனைக் கொஞ்சம் பாருங்கய்யா."

மாசிலாமணி தட்டினார், குலுக்கினார். பிள்ளை வீறிட்டது.

"அவன் மைதா இல்லய்யா."

சிரித்துக்கொண்டே கையை ஓயவிட்டார். பிள்ளை நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டது. எழுப்பிவிடுவோமோ என்று கால் மரத்தும் அவர் அசையவில்லை. அவள் மாவை ஈரத்துணியால் மூடினாள்.

வாசல் வெயில் அடுப்படிக்கு வந்தபோது துணி உப்பியிருந்தது.

பிள்ளையைத் தூளியில் விட்டு, அதே கையால் மாவை ஏந்தி அடுப்பில் வைத்தார். ரொட்டி செம்மண் நிறத்தில் நிமிர்ந்து வந்தது. மோந்து பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ நல்லா இருக்கணும் தாயி." ரொட்டியைத் துண்டில் சுற்றினார். வாசலில் நின்று திரும்பினார். "அவ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கேக்காதீங்கய்யா. முப்பது வருஷம் நீங்க சாப்பிடறதை அவங்க பாத்துக்கிட்டு இருந்தாங்கல்ல, அதே மாதிரி பக்கத்துல உக்காந்து, சும்மா..."

"அமுதா! இலை போட்டாச்சு!" உள்ளே மடத்துப் பந்தியிலிருந்து குரல் வந்தது.